கணக்குப்பிள்ளையின் பட்டியல்: டெல்டா அரிசி ஆலை ஒன்றில் அஜைலும் கிளவுடும்

மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு அரிசி ஆலை, 2022 தொடக்கத்தில் தன் நெல் கொள்முதல், அரைவை, விற்பனைக் கணக்குகளை ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர முடிவு செய்தது. தஞ்சாவூரிலிருந்து இயங்கும் எங்கள் சிறு குழு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வேலை நடந்தது அஜைல் முறையில், அதாவது மென்பொருளைச் சிறு துண்டுகளாக எழுதி, அவ்வப்போது காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறையில். மென்பொருள் இருப்பது கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த சர்வரில். இந்த இரண்டு சொற்களும் இன்று எல்லா விலைப்புள்ளிகளிலும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நெல் மண்டிக்குள் நுழைந்தபோது அவை எதற்குப் பயன்பட்டன, எதற்குப் பயன்படவில்லை என்பதைப் பதிவு செய்வதே இங்கே நோக்கம். ஆலையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஆலையும் அதன் கணக்கும்

புழுங்கல் அரிசிதான் ஆலையின் முதன்மைச் சரக்கு. ஊறல் தொட்டி, உமியில் எரியும் பாய்லர், உலர்த்தி, கறுப்பரிசியைத் தள்ளும் நிறப் பிரிப்பு இயந்திரம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நெல், இரண்டு கொள்முதல் களங்களிலிருந்து வருகிறது. டிராக்டரில் நேரே வாசலுக்குக் கொண்டுவரும் விவசாயிகளும் உண்டு, வியாபாரிகளும் உண்டு. அரிசி பெரும்பாலும் திருச்சியில் உள்ள கிடங்குக்குப் போய் அங்கிருந்து கடைகளுக்குப் பிரிகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிய வணிகம்தான். எடைச்சீட்டைக் கையில் எடுத்தால்தான் சிக்கல் தெரியும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழுவது டெல்டாவில் அடிக்கடி கேட்கும் செய்தி. தனியார் ஆலை அதைவிட ஈரமான நெல்லையும் வாங்கும், எடையில் கழித்துக்கொள்ளும். 22 சதவீத ஈரத்தோடு வரும் 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 78 கிலோ. அரைவைக்கு ஏற்ற 14 சதவீதத்துக்கு அதைக் காயவைத்தால் மிஞ்சுவது 78-ஐ 0.86-ஆல் வகுத்தால் கிடைக்கும் 90.7 கிலோ. ஈரம் 20 சதவீதமாக இருந்திருந்தால் 93 கிலோ மிஞ்சும். ஆலைக்காரரின் லாபமும் விவசாயியின் மனக்குறையும் இந்தச் சில கிலோக்களுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் களத்தில் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. ஈரமானி காட்டும் எண், கையில் அள்ளிப் பார்க்கும் அனுபவம், கருக்காயும் மண்ணும் எவ்வளவு என்ற கண்மதிப்பு, விற்பவரோடு உள்ள பழக்கம் எல்லாம் கலந்து, மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று பேசி முடிப்பார்கள்.

முந்தைய முயற்சி ஒன்று இந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து, எல்லாத் தேவைகளையும் ஒரு கனமான ஆவணத்தில் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு மென்பொருள் வந்தபோது அதில் நிகர எடை என்பது ஈரப்பதத்தை உள்ளிட்டால் தானாக வரும் எண்ணாக இருந்தது. பேசி முடித்த கழிவை எழுத இடமே இல்லை. களத்தில் இருந்தவர்கள் முதலில் பேசி முடித்துவிட்டு, அந்த விடை வரும்படியான ஈரப்பதத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடித்து உள்ளிட ஆரம்பித்தார்கள். ஒரு பருவத்தோடு அந்த மென்பொருள் நின்றது. காகித நாள்பேடும் டேலி கணக்கு மென்பொருளும் பழையபடி தொடர்ந்தன.

இதைக் காரணம் காட்டி, எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டுப் படிப்படியாக இறங்கும் ‘வாட்டர்ஃபால்’ முறையைத் திட்டுவது சுலபம். அந்த முறையின் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-ல் எழுதிய கட்டுரையிலேயே, படிப்படியாக இறங்கி இறுதியில் மட்டும் சோதிப்பது ஆபத்தானது என்று எச்சரித்துவிட்டார். அதில் அவர் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். என் பார்வையில் அந்த நிறுவனத்தின் குறை ஆவணம் எழுதியதில் இல்லை. ஆவணத்துக்கும் களத்துக்கும் நடுவே ஓராண்டு யாரும் வந்து பார்க்காததில் இருக்கிறது.

ஒப்பந்தம்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் நான்கு மதிப்பீடுகள் உண்டு. அவற்றில் டெல்டாவில் விற்பதற்கு மிகக் கடினமானது மூன்றாவது: ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது மேல். உரிமையாளர் கேட்டதோ ஒரே கேள்வி. “மொத்தம் எவ்வளவு?” ஒருமுறை சூடுபட்டவர் அப்படித்தான் கேட்பார்.

மொத்தத் தொகை சொல்லாமல், இரண்டு மாதக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உச்சவரம்பு வைத்துத் தருவதாகச் சொன்னோம். கட்டத்தின் முடிவில் ஆலையில் ஓடும் மென்பொருள் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவர் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை எழுதிய நிரல் முழுவதும் அவருடையது. அவர் சற்று யோசித்துவிட்டு, “அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில்தானே வாடகை கொடுக்கிறோம், வயல் ஈரமாக இருந்தால் நேரம் கூடும், அந்த மாதிரிதானே?” என்றார். அதற்குமேல் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்துக்கும் வாடகை கேட்பீர்களா என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். எங்கள் பக்கத்துத் தாமதத்துக்கு நாங்களே பொறுப்பு என்ற வரி அப்படித்தான் ஒப்பந்தத்துக்குள் வந்தது.

பட்டியல் யார் கையில்

அஜைலின் ஒரு வடிவமான ஸ்க்ரம் முறையில் வேலைகளின் வரிசையை முடிவு செய்யும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், குழுவிடம் இருக்கக் கூடாது. புத்தகப்படி அந்த ஆள் ‘பிராடக்ட் ஓனர்’. உரிமையாளர்தானே ஓனர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரோ காலையில் திருச்சி, மாலையில் ஏதாவது கல்யாணம், வந்து உட்கார்ந்தால் கைபேசியில் மொத்த இருப்பைப் பார்க்கும் திரை வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. அந்தத் திரையில் காட்டுவதற்கான எண்களே அப்போது எங்கும் இல்லை.

பொறுப்பைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னோம். இந்தத் திட்டத்தில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் ஆலைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, கணினியில் தட்டச்சு செய்வதை விரும்பாதவர். எங்கள் பணிப்பட்டியலை அவர் ஒரு நீளக் கணக்கு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். நாங்கள் அதைப் பார்த்து மென்பொருள் பலகையில் அட்டை ஒட்டினோம். இரண்டும் முரண்பட்டால் நோட்டே செல்லும்.

முதல் கூட்டத்தில் நாங்கள் எழுதிக்கொண்டுவந்த வரிசையைப் பார்த்துவிட்டு, “தம்பி, விவசாயி யார், வியாபாரி யார் என்று எங்கே கேட்கிறீர்கள்?” என்றார். விற்பவர் என்று ஒரே பெயர்ப் பட்டியல் வைத்திருந்தோம். “ஐயா, இரண்டு பேருக்கும் பணம்தானே கொடுக்கிறோம்?” என்று எங்கள் இளம் நிரலாளர் கேட்டார். கணக்குப்பிள்ளையின் பதில் வருமான வரியைப் பற்றியதாக இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைக் கணக்கில் ஏற்கவில்லை. விளைபொருளைப் பயிரிட்டவரிடமே வாங்கினால் விதி 6டிடி விலக்கு தந்தது. வாங்கி விற்பவரிடம் வாங்கினால் அந்த விலக்கு இருக்கவில்லை. ஆகவே விற்பவர் பயிரிட்டவரா என்ற கேள்வி எடைச்சீட்டின் முதல் வரியிலேயே வர வேண்டும். இது எந்தத் தேவை ஆவணத்திலும் வந்திருக்காது. உரிமையாளரைக் கேட்டால் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பார். ஆடிட்டரோ மார்ச்சில்தான் பார்ப்பார்.

தினமும் காலையில் நின்றபடி பேசும் கூட்டம் ஆலையில் எடுபடவில்லை. நெல் வண்டி வரும் நேரம் அது. கைவிட்டோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் செயல்விளக்கம் மட்டும் தவறவில்லை. அதை அலுவலகத்தில் நடத்தாமல் எடைமேடைக்குப் பக்கத்தில் நடத்தியதால் சுமைப்பணியாளர்களும் வந்து நின்றார்கள். அச்சாகும் சீட்டில் மூட்டை எண்ணிக்கை சிறிய எழுத்தில் இருப்பதைச் சுட்டியவர் அவர்களில் ஒருவர். அவர்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கில். எடை அவர்களுக்கு இரண்டாம் பட்சம். எண்ணிக்கை சீட்டின் உச்சிக்குப் போனது.

பருவமும் ஸ்பிரிண்டும்

இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது குறித்த வேலைகளை முடித்துக் காட்டும் சுற்று, ஆண்டு முழுவதும் ஒரே சீராக வரும் மாதங்களைக் கொண்ட அலுவலகத்துக்குச் சரி. இங்கே ஆண்டு குறுவை, சம்பா, தாளடி என்று வளைந்து செல்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதைக் கணக்கிட்டு, குறுவை அறுவடைக்குமுன் எடைமேடைப் பகுதியை முடிப்பது என்று திட்டமிட்டிருந்தோம். 2022-ல் நீர்வரத்து நன்றாக இருந்ததால் அணை மே 24-லேயே திறக்கப்பட்டது. நடவு முந்தியது, அறுவடையும் முந்தும். எங்கள் வரிசையில் எடைமேடைக்கு முன்னால் இருந்த விற்பனை அறிக்கைகளைக் கணக்குப்பிள்ளை நோட்டில் ஒரே கோடாக அடித்துப் பின்னால் தள்ளினார். மொத்தத் திட்டத்துக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் கோடு ஒரு கடிதப் போக்குவரத்தாகியிருக்கும்.

சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் புதிய வசதி எதையும் வெளியிடுவதில்லை என்றும் முடிவானது. அந்த நாட்களில் ஸ்பிரிண்டே கிடையாது. வேலைகளை அட்டைகளாக நகர்த்தும் கான்பான் பலகையில் பழுதுகளை மட்டும் வந்த வரிசையில் பார்ப்போம். புதுமையை விரும்பும் இளைஞர்களுக்கு இது சலிப்பாக இருந்தது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது புது பொத்தான் ஒன்றை அறிமுகப்படுத்தி வசவு வாங்குவதைவிடச் சலிப்பு எவ்வளவோ மேல்.

26 கிலோ

இந்த முறைக்கு வந்த உண்மையான சோதனை சண்டிகரிலிருந்து வந்தது. 2022 ஜூன் இறுதியில் அங்கே கூடிய ஜிஎஸ்டி மன்றம், அரிசிக்கான வரி விதியை மாற்றப் பரிந்துரைத்தது. அதுவரை பதிவு பெற்ற வணிகப் பெயரோடு பையில் அடைத்த அரிசிக்கே 5 சதவீத வரி. ஜூலை 18 முதல் வணிகப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து முத்திரையிட்ட சிப்பத்துக்கு வரி உண்டு. அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு இல்லை. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. தமிழ்நாட்டு ஆலைகள் பல என்ன செய்தன என்பது மளிகைக் கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும்: 26 கிலோ சிப்பம் பிறந்தது.

எங்கள் மென்பொருளில் வரி, சரக்கின் வணிகப் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அதை அவிழ்த்துச் சிப்பத்தின் எடையோடு கட்ட வேண்டும். அது பாதி வேலைதான். 1,000 கிலோ அரிசி 25 கிலோ வீதம் சரியாக 40 சிப்பம். 26 கிலோ வீதம் 38 சிப்பம் போக 12 கிலோ மீதம். அந்த மீதம் அடுத்த லாட்டோடு கலக்குமா, சில்லறையில் போகுமா? அச்சடித்து வைத்திருந்த 25 கிலோ பைகள் கிடங்கில் குவிந்திருந்தன. அவற்றில் அடைத்து வரியோடு விற்பதா, பையைக் கழிப்பதா? கடைக்காரருக்குப் பழைய விலையை 26 கிலோவுக்கு எப்படிச் சொல்வது? இவை எதற்கும் மென்பொருளில் விடை இல்லை. ஆலைதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்த முடிவு எடுத்தாலும் பில் போடும் திரை 18-ஆம் தேதி காலை தயாராக இருக்க வேண்டும்.

தவிடு விற்பனைப் பேரேடு அந்த ஸ்பிரிண்டிலிருந்து வெளியேறியது, இது உள்ளே வந்தது. விதிக்குத் தொடக்கத் தேதி வைத்து எழுதியதால் பழைய பில்களைத் திரும்ப எடுத்தாலும் பழைய வரியே காட்டும். முன்பே எழுதி வைத்திருந்த தானியங்கிச் சோதனைகள், அதாவது நிரலைத் தானே சரிபார்க்கும் நிரல்கள், இங்கே உதவின: வரிக் கணக்கைப் பிரித்துப் போட்டபோது கொள்முதல் பக்கம் எதுவும் உடையவில்லை என்று அன்றே தெரிந்தது. மாற்றத்துக்கு இணங்குவது என்று அஜைல் அறிக்கை சொல்வதைச் சிலர் மனப்பக்குவம் என்று பேசுகிறார்கள். சோதனை எழுதாத குழுவுக்கு எவ்வளவு பக்குவம் இருந்தாலும் அந்த மூன்று வாரம் போதாது.

கிளவுடும் கஜாவும்

உரிமையாளர் கிளவுடுக்கு ஒப்புக்கொண்டதற்கு எங்கள் பேச்சு காரணமல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் ஆலை அலுவலகத்தின் தகரக் கூரை போயிற்று, கணக்கு இருந்த கணினி நனைந்தது. காப்புப் பிரதி இருந்த பென்டிரைவும் அதே மேசையில் இருந்தது. கணக்கு வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம்.

அதே புயல் எதிர்ப்பக்கமும் சாட்சி சொன்னது. மின்கம்பங்கள் சாய்ந்து, கைபேசிக் கோபுரங்கள் முடங்கி, அந்த வட்டாரத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்தன. கணக்கு மும்பையில் உள்ள கிளவுட் சர்வரில் பத்திரமாக இருந்து, எடைமேடையில் சீட்டு அடிக்க முடியாவிட்டால் விவசாயிக்கு அதனால் என்ன பயன்? புயல் வேண்டியதில்லை, நல்ல மழை பெய்தாலே களத்தில் இணையம் தடுமாறும்.

ஆகவே எடைமேடைக் கணினி இணையம் இல்லாமலே முழு வேலையையும் செய்யும். எடைகாட்டியிலிருந்து எண்ணை நேரே வாங்கி, உள்ளூர்த் தரவுத்தளத்தில் எழுதி, சீட்டு அச்சடித்துவிடும். இணையம் வரும்போது வரிசையில் காத்திருக்கும் சீட்டுகள் மேலே போகும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. வேலையில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான். பாதியில் தொடர்பு அறுந்தால் சீட்டு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, மறுபடி அனுப்புவார், ஒரே வண்டி இரண்டு முறை வரவாகும். ஒவ்வொரு சீட்டுக்கும் பிறக்கும் இடத்திலேயே மறுபடி வராத அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் சர்வர் பேசாமல் ஏற்றுக்கொண்டு ஒதுக்கிவிடும்படி செய்தோம். கணினிக் கடிகாரத்தையும் நம்பவில்லை. பேட்டரி தீர்ந்த பழைய கணினி ஆண்டையே மாற்றிச் சொல்லும். சீட்டுகளின் வரிசை, நேரத்தைக் கொண்டு அமையாமல் எண்ணைக் கொண்டு அமைகிறது.

திருச்சிக் கிடங்கின் பில் எண் வேறு சிக்கல். ஜிஎஸ்டி விதி 46-இன்படி வரி பில்லின் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துகளுக்கு மிகக் கூடாது, நிதியாண்டுக்குள் மறுபடி வரக் கூடாது. எல்லா இடங்களுக்கும் ஒரே தொடரை மையத்திலிருந்து கொடுத்தால் இணையம் போன நேரத்தில் பில் போட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அதே விதி அனுமதிக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் தனித் தொடர்: இடக்குறி, நிதியாண்டு, வரிசை எண்.

தொழில்நுட்பத்தால் தீராத ஒன்றும் வந்தது. தலைமை அலுவலகம் நண்பகலில் நெல் விலையைக் குறைக்கிறது. களத்தில் இணையம் இல்லை. பழைய விலையில் நான்கு வண்டி வாங்கிவிட்டார்கள். பின்னர் இணைந்ததும் எந்த விலை செல்லும்? கடைசியாக எழுதியது செல்லும் என்பது நிரலாளர்களின் வழக்கமான விதி. கணக்குப்பிள்ளை அதை ஒரே வாக்கியத்தில் தள்ளினார்: “களத்தில் விவசாயியிடம் சொன்ன விலைதான் விலை.” சீட்டில் அச்சான விலையை மேலிருந்து யாரும் மாற்ற முடியாது என்று அன்று நிரலில் எழுதினோம். உரிமையாளருக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை.

செலவு

அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறை கிளவுடுக்கு ஐந்து இயல்புகளைச் சொல்கிறது. தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவது அவற்றில் ஒன்று, விற்பனையாளர்கள் அதிகம் பாடுவதும் அதைத்தான். பருவத்துக்குப் பருவம் வேலை ஏறி இறங்கும் ஆலைக்கு இது பொருத்தமாகத் தோன்றும். உண்மையில் சம்பா உச்சத்தில் வரும் அத்தனை வண்டிகளின் சீட்டுகளும் மிகச் சிறிய சர்வருக்குக்கூட ஒரு பொருட்டல்ல. இந்த ஆலைக்குக் கிடைத்த லாபம் வேறு: தானாக எடுக்கப்படும் காப்புப் பிரதி, திருச்சியும் களமும் ஒரே இருப்பைப் பார்ப்பது, சர்வருக்கு ஓர் அறையும் ஏசியும் வேண்டாம் என்பது. அமேசான் 2016-ல் மும்பையில் தொடங்கிய மையத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் குழுவுக்கு அது பழக்கம் என்பதைத் தவிரப் பெரிய காரணமில்லை.

மாதப் பில்லில் உரிமையாளர் முதலில் கண்டுபிடித்தது, இரண்டு சர்வர்களுக்குப் பணம் போகிறது என்பதை. ஒன்று சோதனைக்கானது. அது இரவும் ஞாயிறும் ஏன் ஓடுகிறது என்று கேட்டார். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை நடப்பது ஆறு நாள், பத்து மணி நேரம், ஆக 60. மற்ற நேரத்தில் தானாக அணையும்படி வைத்தோம். அதன் ஓட்டச் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காயிற்று. ஆலையில் மோட்டாரைச் சும்மா ஓடவிடாத மனிதர் இப்படிப்பட்டவற்றை நம்மைவிட வேகமாகப் பார்த்துவிடுகிறார்.

பாதுகாப்பில் பழக்கத்தை மாற்றுவதுதான் பாடு. கட்டடத்தையும் இயந்திரத்தையும் கிளவுட் நிறுவனம் காக்கும். கடவுச்சொல்லை யார் யாருக்குச் சொன்னார்கள் என்பது ஆலையின் பொறுப்பு. களத்தில் எல்லோரும் ஒரே பெயரில் உள்நுழைவது நிற்க வெகுநாள் பிடித்தது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ளே இருக்கின்றன. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆடிட்டரே இதைக் கேட்கத் தொடங்கியது உதவியாக இருந்தது.

இப்போதைய நிலை

இரண்டு களங்களும் எடைமேடையும் கிடங்கும் மென்பொருளில் இயங்குகின்றன. டேலி நீக்கப்படவில்லை, ஆடிட்டருக்குப் பழகிய இடம் அது என்பதால் நாள் முடிவில் தொகைகள் அங்கே போகின்றன. நீளக் கணக்கு நோட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்து இன்றுவரை தொடாத வரிகளும் உண்டு. ஒன்று, உமியைப் பாய்லருக்கு எவ்வளவு, வெளியே விற்றது எவ்வளவு என்று பிரிப்பது; நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு எடை உமி என்பதால் அது சிறிய தொகையல்ல. ஆனால் உமியை யாரும் எடை போடுவதில்லை, வண்டிக் கணக்குதான். எடை போட வைக்காமல் திரை எழுதிப் பயனில்லை என்பது கணக்குப்பிள்ளையின் கட்சி. கழிவைப் பரிந்துரைக்கும் வசதியைப் பற்றியும் பேச்சு நடக்கிறது: ஈரமானியின் எண்ணுக்கு 14 சதவீதக் கணக்குப்படி எவ்வளவு கழிவு வரும் என்று ஓரத்தில் காட்டுவது, முடிவைக் களத்துக்கே விடுவது. அதை விவசாயியின் சீட்டிலும் அச்சிட வேண்டும் என்று எங்கள் குழு சொல்கிறது, உரிமையாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதக் கட்டத்துக்கான ஒப்பந்தத்தில் அந்த வரி மட்டும் நிரப்பாமல் இருக்கிறது.